முப்பத்தெட்டு நொடி

ஜூலை 1, திங்கள்

ஷிஃப்ட் நோட்டில் எண்ணிக்கையை மட்டும்தான் எழுதலாம். எத்தனை மீட்டர் முடிந்தது, எத்தனை ரிப்பேருக்குத் திரும்பியது, யார் லீவு. மற்றதெல்லாம் எனக்குள்ளேயே கிடந்து புளிக்கிறது. அதனால் வாலாஜாபாத்தில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு நோட்டு வாங்கினேன். இப்போதெல்லாம் கோடுகளை ரொம்ப நெருக்கிப் போடுகிறார்கள், காகிதத்தில் மிச்சம் பிடிக்கிறார்கள் போல. நான் இரண்டு கோட்டுக்கு ஒரு வரியாக எழுதிக்கொள்கிறேன்.

முதல் பக்கத்தில் என்னைப் பற்றி எழுதிவிடுவதுதான் முறை. அமுதவல்லி, வயது நாற்பத்திரண்டு. ஒரகடத்தில் காருக்கு மீட்டர் செய்யும் கம்பெனியில் பத்தொன்பது வருடம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் வேகம் காட்டுமே, பெட்ரோல் தீர்ந்தால் விளக்கு எரியுமே, அந்தப் பெட்டிதான். அதற்குள் இருக்கும் போர்டை நாங்கள் பதினான்கு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முடிக்கிறோம். ஆறு வருடமாக நான் லைன் லீடர். ஆகவே உட்கார்வதில்லை, நடக்கிறேன். எனக்கு இந்த வேலை பிடிக்கும். ரோட்டில் புதுக் கார் ஒன்று போனால், நம் மீட்டர்தான் உள்ளே இருக்கிறது என்று ஒரு சந்தோஷம் வரும். என் வீட்டுக்காரர் சிகாமணி, "எனக்கு அந்தக் காரே இருந்தா சந்தோஷம் வரும்" என்பார்.

இன்றைய செய்தி, எட்வின் சார் திரும்பி வந்திருக்கிறார். நான் சேர்ந்தபோது அவர் கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு லைனைச் சுற்றிய பயிற்சி எஞ்சினியர். பிறகு புனேவுக்குப் போனார். இப்போது விலை போடும் பிரிவுக்குத் தலைவர், தலையில் பாதி முடி இல்லை.

ஜூலை 3, புதன்

எட்வின் சார் எங்களைச் சுவர் முன்னால் நிற்க வைத்து ஒரு படம் காட்டினார். இருபது வருடக் கூலிக் கணக்கு. ஒரு கோடு ஏறுகிறது, ஒரு கோடு இறங்குகிறது. ஏறுவது எங்கள் சம்பளம். நான் சேர்ந்தபோது மாதம் மூவாயிரத்து அறுநூறு, இப்போது இருபத்திரண்டாயிரம். இறங்குவது ஒரு மீட்டருக்கு ஆகும் கூலி. அன்று நூறு ரூபாய் மீட்டரில் எங்கள் கூலி பதினொரு ரூபாய், இன்று ஏழு. பொடிப் பொடியான பாகங்களை மெஷின் வைக்கிறது என்பது ஒரு காரணம். "இன்னொரு காரணம் உங்க கை வேகம்" என்றார். சுவரில் இருந்ததால் கடைசி எண் வரை எனக்கு நன்றாகத் தெரிந்தது. என் கண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், போன ஜனவரி கம்பெனி பரிசோதனையில்கூட கடைசி வரி வரை படித்தேன்.

அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். கார் கம்பெனி புது மாடல் கொண்டு வருகிறது. அதற்கான மீட்டரை நாங்களும் செய்யலாம், வடக்கே இருக்கும் எங்கள் இன்னொரு ஆலையும் செய்யலாம். இந்த மாதக் கடைசிக்குள் விலை சொல்ல வேண்டும். அங்கே குறைவென்றால் மீட்டர் லைன் அங்கே போய்விடும்.

"அப்போ நாங்க?" என்று கேட்டாள் எங்கள் லைன் தெய்வானை அக்கா.

"பர்மனென்ட் ஆளுங்களுக்கு அங்கேயே வேலை தருவாங்க."

"இன்னா சார், அடுப்பையும் மாமியாரையும் ரயில்ல ஏத்திக்கினு போவணுமா?"

யாரும் சிரிக்கவில்லை. எட்வின் சார் சுற்றறிக்கைத் தாளை என் கையில் கொடுத்தார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று அதை லைனில் இருக்கும் ரோஸியிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன்.

ஜூலை 4, வியாழன்

சாம்பாரில் கல். சிகாமணி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். ரேஷன் பருப்பு அப்படித்தான் இருக்கும்.

ஜூலை 6, சனி

லைனில் எல்லாரும் குசுகுசுவென்று பேசுவது ஒரே எண்ணைப் பற்றித்தான். முப்பத்தெட்டு. என் காதில் விழாத மாதிரி நடக்கிறேன்.

எழுதிவிடுகிறேன். லைனில் மூன்றாவது இடம்தான் கடினமானது. போர்டில் கனெக்டரை இறக்க வேண்டும். அதன் இருபத்திரண்டு கம்பிக்கால்களும் அததன் துளையில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, நான்கு இடத்தில் ஈயம் பற்றவைத்து, அடுத்த ஆளுக்குத் தள்ள வேண்டும். மூன்றாவது இடம் எவ்வளவு நேரம் எடுக்கிறதோ அதுதான் லைனின் வேகம். ஸ்டாப்வாட்ச் வந்தால் கை மெதுவாகிவிட வேண்டும் என்பது எந்தக் கம்பெனியிலும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்த சட்டம். கை வேகமானவள்கூட அன்றைக்குக் கனெக்டரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. சேர்ந்து மூன்று மாதம். பர்மனென்ட் ஆகவேண்டும் என்ற வெறி. எட்வின் சார் பக்கத்தில் வந்து நின்றதும் எனக்குப் பேய் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. முப்பத்தெட்டு நொடி! அவர் மூன்று தடவை பார்த்தார், மூன்று தடவையும் அதேதான். அவர் அதை எழுதினார். அன்றிலிருந்து எல்லாருக்கும் முப்பத்தெட்டு என்று ஆகிவிட்டது. எனக்கு எல்லார் முன்னாலும் கைதட்டி ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள். அது இன்னும் சூடு தாங்குகிறது.

மூன்றாவது இடத்தில் எனக்கு அடுத்த ஷிஃப்டில் உட்கார்ந்தவள் தெய்வானை அக்கா. அவளுக்கு ஏதோ பர்மனென்ட் ஆக ஒரு வருடம் தள்ளிப்போனது. அதிலிருந்து வேலை விஷயம் தவிர என்னிடம் பேசமாட்டாள். பத்தொன்பது வருடமாக ஒரே பஸ், ஒரே கேன்டீன், ஒரே மோர்.

ஜூலை 9, செவ்வாய்

புது மீட்டருக்கும் மூன்றாவது இடத்தில் அதே வேலைதான். நாளை மறுபடி நேரம் பார்க்க வேண்டும் என்றார் எட்வின் சார். இப்போது அங்கே உட்கார்வது தெய்வானை அக்காதான். கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"முப்பத்தெட்டு யாரோடது? அவளையே உக்கார வைங்க சார். அவ கையி, அவ நொடி."

லைன் முழுக்க என்னைப் பார்த்தது. பதின்மூன்று ஜோடிக் கண்கள். நான் லீடர், இப்போதெல்லாம் யாராவது லீவு போட்டால்கூட நான் உட்கார்வதில்லை, ரிஜிஸ்டர் வேலையே தலைக்கு மேல் கிடக்கிறது என்று சொல்லப் பார்த்தேன். வாயில் வந்தது, "சரி, உக்கார்றேன்" என்பதுதான். இந்த வாய் எனக்கு எப்போதுமே எதிரி.

ஜூலை 10, புதன்

ஐம்பத்து மூன்று. ஐம்பத்தொன்று. ஐம்பத்து நான்கு.

மூன்றாவது இடத்துக்கு மேலே இருக்கும் விளக்கு மங்கிவிட்டது. மெயின்டனன்ஸுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

ஜூலை 11, வியாழன்

என்ன சொல்வது, ஒரே நாளில் நான் ராணி ஆகிவிட்டேன்.

பஸ்ஸில் ஏறியதும் ரோஸி எழுந்து இடம் கொடுத்தாள். "இன்னா நடிப்புக்கா! போர்ட தூரமா புடிச்சி, கிட்ட புடிச்சி, தலைய சாச்சி... சார் மூஞ்சிய பார்த்தியா?" என்று சிரித்தாள். பின் சீட்டில் யாரோ விசிலே அடித்தார்கள். பத்தொன்பது வருடம் கழித்து நான் சட்டத்தை மதித்துவிட்டேன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எங்களுக்காகத்தான் மெதுவாகச் செய்தாள் என்கிறார்கள்.

மதியம் கேன்டீனில் தெய்வானை அக்கா தட்டோடு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். ஒரு டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். மத்தி மீன் குழம்பு. "சாப்புடு. புளி கொஞ்சம் தூக்கலா இருக்கும்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவசரத்தில் ஒரு முள் தொண்டையில் மாட்டியது. அவள் முன்னால் எப்படித் துப்புவது? சோற்றை உருட்டி விழுங்கினேன்.

டப்பாவைக் கழுவி நாளைக்குத் தருகிறேன் என்று எடுத்து வந்தேன். யாருடைய டப்பாவும் என் வீட்டுக்கு வந்து எத்தனை நாள் ஆகிறது! நான் நடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

ஓவர்டைம் இல்லாத ஞாயிறு, அபூர்வம். பொதுவாக முப்பத்தெட்டை எட்ட முடியாமல் விழும் பாக்கியை ஞாயிற்றுக்கிழமை இரட்டைச் சம்பளத்தில்தான் முடிப்போம். இன்று எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், தூங்கினேன். சிகாமணி சட்டைக்குப் பொத்தான் தைக்கப் போனேன், இந்த ஊசிகளின் காதும் வரவரச் சின்னதாகிவிட்டது. அவர் தன் கண்ணாடியைக் கழற்றி என் மடியில் வைத்தார். "எனக்கு எதுக்கு? உங்களுக்குத்தான் வயசாச்சு" என்று திருப்பிக் கொடுத்தேன். அவரே கோர்த்து, அவரே தைத்துக்கொண்டார். தையல் நன்றாகத்தான் இருந்தது.

டப்பா இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதே என்று ஒரு சாக்கு.

ஜூலை 15, திங்கள்

எட்வின் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தவில்லை, ஆனால் குரலைத் தாழ்த்தினார்.

"அமுதா, ஐம்பத்து மூணுன்னு எழுதி அனுப்பினா இந்த லைன் போயிடும். பதினாலு பேர். உங்களால முப்பத்தெட்டு முடியும்னு எனக்குத் தெரியும், நானே பார்த்தேன். ஏன் வேணும்னு மெதுவா செஞ்சீங்க?"

வேணும்னு. அந்த வார்த்தை சுள்ளென்று பட்டது. லைனில் அதற்காகத்தான் எனக்கு மீன் குழம்பு கிடைத்தது. இங்கே அதற்காகவே பதினான்கு பேரின் வேலை போகப் போகிறது. இரண்டு இடத்திலும் காரணம் நான் செய்யாத ஒன்று.

"வேணும்னு செய்யல சார்."

"பின்ன?"

மேஜையில் இருந்த தாளை எடுத்துக் கொடுத்து, இதைப் படியுங்கள் என்றார். கையை நீட்டிப் பிடித்தேன். இன்னும் நீட்டினேன். கை முடிந்துவிட்டது, எழுத்து இன்னும் வரவில்லை. அவர் என் கையையும் என் முகத்தையும் பார்த்தார். பிறகு தன் சட்டைப் பையைத் தொட்டார், அதில் ஒரு கண்ணாடி.

"எனக்கு முப்பத்தொன்பதுலயே வந்திடுச்சு. ரெண்டு வருஷம் யார்கிட்டயும் சொல்லல" என்றார்.

ஜூலை 16, செவ்வாய்

அரை நாள் லீவு. பஜாரில் கண்ணாடி வாங்கினேன், ஒன்றரை பவர். கடைக்காரப் பெண், "கிட்டப் பார்க்கத்தான்மா, நாப்பதுக்கு மேல எல்லாருக்கும் வர்றதுதான்" என்றாள். எல்லாருக்கும் வருவது எனக்கும் வந்திருக்கிறது. இதற்காகவா இத்தனை நாள்?

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். ஐயோ, என் எழுத்தா இது? ஒவ்வொரு எழுத்தும் புளியங்கொட்டை அளவு, வரிகள் ஏறி இறங்குகின்றன. விளக்கு, ஊசி, பருப்பு, கோடு என்று ஊரில் இருக்கும் எல்லாவற்றின் மேலும் பழி போட்டு வைத்திருக்கிறேன். இந்த வரியை ஒரு கோட்டுக்குள்ளேயே எழுதுகிறேன்.

சிகாமணி பார்த்துவிட்டு, "டீச்சர் மாதிரி இருக்கே" என்றார். பிறகு தானாகவே போய்ப் பருப்பில் கல் பொறுக்கும் முறத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். திட்டுவதற்குப் பதில் சிரிப்புதான் வந்தது.

ஜூலை 18, வியாழன்

மறுபடி மூன்றாவது இடம், மறுபடி ஸ்டாப்வாட்ச். மேலங்கியின் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினேன்.

கை பறந்தது. உண்மையிலேயே பறந்தது! நாற்பது. முப்பத்தொன்பது. இருபத்து மூன்று வயது திரும்பி வந்த மாதிரி இருந்தது. எட்வின் சார் முகம் மலர்வதை ஓரக்கண்ணால் பார்த்தேன். அடுத்தது முப்பத்தெட்டு வந்துவிடும், லைனும் பிழைக்கும், என் பெயரும் பிழைக்கும்.

தள்ளிவிடப் போன போர்டை ஒரு நொடி பார்த்தேன். கண்ணாடி இருக்கிறதே, சும்மா பார்த்தேன். பதினேழாவது கால் துளைக்குள் இறங்காமல் மடங்கிக் கிடந்தது. முந்தைய போர்டை இழுத்துப் பார்த்தேன். அதில் நான்கு ஈயப் புள்ளியில் ஒன்று மேலே மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது, கீழே பிடிக்கவில்லை. முப்பத்தெட்டில் இதைப் பார்க்க நேரமே கிடையாது. இன்றைக்கு மட்டும் இல்லை, அன்றைக்கும் பார்த்திருக்க மாட்டேன்.

லைனுக்குக் கடைசியில் ரிப்பேர் மேசை இருக்கிறது. தினமும் இருபத்தைந்து, முப்பது போர்டு அங்கே திரும்பும். இரண்டு பெண்கள் நாள் பூராவும் மடங்கிய காலை நிமிர்த்துகிறார்கள். அவர்கள் சம்பளம் தரப்பிரிவுக் கணக்கில் வருகிறது, எங்கள் லைனில் இல்லை. அந்த மேசையை எப்போது போட்டார்கள் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு ஹாட்பாக்ஸ் கொடுத்த அதே வருடம்.

கையைப் பிடித்து நிறுத்தினேன். இருபத்திரண்டு காலையும் பார்த்துப் பார்த்து இறக்கி, ஈயத்தை நின்று உருகவிட்டு, அடுத்த இருபது போர்டைச் செய்தேன். நாற்பத்தாறு. ஒன்றுகூட ரிப்பேருக்குப் போகவில்லை.

"சார், நாப்பத்தாறுன்னு எழுதுங்க. முப்பத்தெட்டு எப்பவுமே முப்பத்தெட்டு இல்ல. மீதி எட்டு நொடியும் அந்த மேசையில உக்கார்ந்திருக்கு. அது போக ஞாயித்துக்கிழமை டபுள் சம்பளத்துல உக்கார்ந்திருக்கு. எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க" என்றேன். அவர் பெருமையாக எழுதிய எண்ணும் அதுதானே.

அவர் ரிப்பேர் மேசைக்குப் போய் அங்கே கிடந்த போர்டுகளை எண்ணினார்.

அப்புறம் எழுந்து லைனைப் பார்த்துச் சொன்னேன். "அன்னிக்கு நான் நடிக்கல. யாருக்காகவும் மெதுவா செய்யல. கண்ணு தெரியல, அவ்ளோதான்."

ரோஸி குனிந்துகொண்டாள். தெய்வானை அக்கா என்னைத் தாண்டி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். போர்டை எடுத்தபடியே, "டப்பா நாளைக்கு வேணும்" என்றாள்.

ஜூலை 19, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. கோயிலில் கூழ் வாங்கிக்கொண்டு நின்றபோது தெய்வானை அக்கா எதிரே வந்தாள். டப்பாவைக் கொடுத்தேன். உள்ளே அதிரசம் வைத்திருந்தேன். திறந்துகூடப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டாள்.

அவளுக்கு "ஏதோ" ஒரு வருடம் தள்ளிப்போனது என்று எழுதியிருந்தேனே, அதைச் சரியாக எழுதுகிறேன். அவளுக்கு அப்போது கைக்குழந்தை. முப்பத்தெட்டு வரவில்லை என்று மூன்று மெமோ கொடுத்தார்கள். மூன்றாவது மெமோ வாங்கிய அன்று கழிப்பறையில் அழுதுகொண்டிருந்தாள். நான் கை கழுவிவிட்டு வெளியே வந்துவிட்டேன். இதுதான் நடந்தது.

ஜூலை 23, செவ்வாய்

கத்தரிக்காய் மலிவு. வேறு செய்தி இல்லை. பஸ்ஸில் யாரும் எழுந்து இடம் கொடுக்கவில்லை. நின்று வந்தாலும் மனது என்னவோ லேசாகத்தான் இருக்கிறது.

ஜூலை 26, வெள்ளி

எட்வின் சார் ஷிஃப்ட் நோட்டுகளைக் கட்டுக் கட்டாக எடுத்துப்போயிருந்தார். இன்று கூட்டிக் காட்டினார். ரிப்பேர், வீணான போர்டு, ஞாயிறு இரட்டைச் சம்பளம் எல்லாம் சேர்த்தால் முப்பத்தெட்டு நொடிக்குக் கம்பெனி கொடுத்துவந்தது நாற்பத்தொன்பது நொடிக் கூலி. வடக்கு ஆலையும் இதே முப்பத்தெட்டைக் காகிதத்தில் வைத்துத்தான் விலை போட்டிருக்கிறதாம். அங்கே திரும்பும் போர்டு இங்கே இருப்பதைவிட அதிகம். ரிப்பேர் மேசையை எடுத்துவிட்டு, அந்த இருவரையும் லைனில் சேர்த்து, நாற்பத்தாறில் விலை போட்டு அனுப்பிவிட்டார்.

"சுவத்துல காட்டினேனே, இறங்குற கோடு, அதை நான் தப்பா வரைஞ்சிருக்கேன்" என்றார். இருபது வருடம் அந்தக் கோட்டை வைத்துத்தான் அவர் மேலே ஏறினார். இதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 30, செவ்வாய்

பதில் இல்லை. வெங்காயம் நறுக்கினால் கண்ணாடி போட்டாலும் எரிகிறது.

ஆகஸ்ட் 1, வியாழன்

லைன் நிற்கிறது! இங்கேயே நிற்கிறது!

பத்தரை மணி டீயின்போது எட்வின் சார் வந்து சொன்னார். புது மாடல் மீட்டர் ஐந்து வருடத்துக்கு எங்களுக்குத்தான். வடக்கு ஆலைக் கணக்கிலும் ரிப்பேரைக் கூட்டிப் பார்த்தபோது அவர்கள் விலைதான் அதிகமாம். சுவரில் இருந்த 38 என்ற அட்டையைக் கழற்றிவிட்டு 46 என்று மாட்டினார். ரோஸி ஓவென்று கத்தினாள். ரிப்பேர் மேசைப் பெண்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். நான் ஒரு காலி டிரேயின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மதியம் கேன்டீனில் தட்டோடு தனியாக இருந்தேன். எதிரே ஒரு டப்பா வந்து டக்கென்று விழுந்தது. அதே டப்பா, அதே மத்திக் குழம்பு. தெய்வானை அக்கா உட்கார்ந்து தன் கண்ணாடியைக் கழற்றித் முந்தானையில் துடைப்பது போல மேலங்கி முனையில் துடைத்தாள். நான் என் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தேன்.

"அக்கா, அன்னிக்கு நீ கழிப்பறையில அழுதப்போ நான் பார்த்தேன். பார்த்துட்டு வந்துட்டேன்."

"தெரியும். கை கழுவுற இடத்துக் கண்ணாடியில உன் மூஞ்சி தெரிஞ்சிது."

அவள் என் மூக்கின் மேல் இருந்த கண்ணாடியை ஒரு விரலால் நேராக்கினாள். அப்புறம் கேன்டீன் முழுக்கக் கேட்கிற மாதிரி, பத்தொன்பது வருடக் கோபத்தையும் ஒரே மூச்சில் சேர்த்துக் கேட்டாள்.

"இந்தப் பாழாப்போன கண்ணு உனுக்கு அப்பவே கெட்டுப்போயிருக்கக் கூடாதாடி?"